நாளைய வெயிலில் எரிந்த டார்ச்

குற்றாலலிங்கத்தின் வீட்டில் ஒரு டார்ச் லைட் இருந்தது. கரண்ட் போய்விட்டால் அதைத் தேடுவதற்கு இன்னொரு டார்ச் லைட் தேவைப்பட்டது. அதையும் வாங்கினார். இரண்டையும் தேட மூன்றாவது ஒன்று வாங்குவதற்காகக் கடைத்தெரு வரைக்கும் போனவர், பாதி வழியில் நின்று யோசித்து, இது ஒரு முடிவுக்கு வரக்கூடிய காரியமல்ல என்று திரும்பி வந்துவிட்டார்.

போன ஐப்பசியில் விஷயம் முற்றியது. மழை இரவில் கரண்ட் போக, அவர் மனைவி வடிவு டார்ச்சைத் தேடிப்போய் கிரைண்டரில் மோதி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு உட்கார்ந்து அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"முப்பத்தோரு வருசம் காலேஜ் லேபுல குப்பி கழுவுனியளே, இருட்டுல தானா தெரியுத மாதிரி ஒரு டார்ச்சு செய்யத் தெரியாதா?"

குற்றாலலிங்கம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமிலம் பட்டுப் பட்டு வலது கையில் மூன்று விரல்களுக்கு ரேகை கிடையாது. ஆதார் எடுக்கப் போனபோது அவர் மனிதர்தான் என்று அந்த மெஷின் ஒப்புக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று. அப்படிப்பட்டவரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டால் சும்மா இருப்பாரா?

இருட்டில் பச்சையாக ஒளிரும் பொடி ஒன்று கடையில் கிடைக்கும். ஜனங்கள் அதை ரேடியம் பொடி என்பார்கள். அதில் ரேடியம் கிடையாது. அவர் ஒரு டப்பா வாங்கினார். பொடி நறநறவென்று இருந்ததால் இன்னும் கொஞ்சம் அரைக்கலாம் என்று, வடிவு கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, அவளை விழவைத்த அதே கிரைண்டரில் போட்டார். அந்தக் கிரைண்டரை அன்று காலையில்தான் அவரே பிரித்து ரிப்பேர் செய்திருந்தார். வயரை எங்கோ மாற்றிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது, கல் இடப்பக்கமாகச் சுற்றியது. வலப்பக்கம் சுற்றினால் அரைபடுவது இடப்பக்கம் சுற்றினால் அரைபடாதா என்று அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. உலகத்தில் பெரிய காரியங்கள் பலவும் பொருட்படுத்தாததால் நடந்தவைதான்.

பொடியை வார்னிஷில் குழைத்து டார்ச்சின் உடம்பு முழுக்கப் பூசி, சமையலறை வாசலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அன்று இரவே அது கொழுந்து வாழையிலை போல எரிந்தது. வெயிலிலே காட்டாமலே எரிகிறதே என்று அவருக்கு ஆச்சரியம். டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தில், பகலில் வெயிலில் வைத்தால்தான் இரவில் ஒளிரும் என்று போட்டிருந்தது. அதைப் படித்த வடிவு, மறுநாளிலிருந்து வற்றல் காயவைக்கப் போகும்போது டார்ச்சையும் மொட்டை மாடிக்கு எடுத்துப்போனாள். காலை பத்து மணிக்கு வைப்பது, நான்கு மணிக்கு எடுப்பது. மோர் மிளகாய்க்கும் டார்ச்சுக்கும் ஒரே பாய்.

கார்த்திகையில் ஒருநாள் நல்ல வெயில். டார்ச் நாள் முழுக்கக் காய்ந்தது. ஆனால் அன்று இரவு எரியவே இல்லை. மறுநாள் அடைமழை. மழையன்று பகலெல்லாம் ஆணியிலேயே தொங்கிய டார்ச், இரவில் பளிச்சென்று எரிந்தது. அதற்கு மறுநாள் வெயில். இப்படி நாலைந்து தடவை ஆனபிறகு குற்றாலலிங்கம் டார்ச்சைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார்.

அங்கே இயற்பியல் பேராசிரியை ஜெனோவா. மாணவியாக இருந்த காலத்தில் குற்றாலலிங்கம் கழுவிய குப்பிகளை உடைத்தவள். நாற்பது நாள் டார்ச்சைத் தன்னிடமே வைத்து, எரிவதை நோட்டில் குறித்துப் பார்த்துவிட்டு, அதோடு வீட்டுக்கே வந்தாள். வந்தவள் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"அண்ணாச்சி, சாதாரணமா இந்தப் பொடியெல்லாம் பகல்ல வெளிச்சத்தை வாங்கி வச்சிக்கிட்டு ராத்திரி விடும். உங்க பொடி ராத்திரி விட்டுட்டு மறுநாள் வாங்குது."

"மறுநாள் வாங்குததை இன்னைக்கே எப்படிம்மா விடும்?"

"விடாது. எந்தப் புஸ்தகத்துலயும் விடாது. ஆனா விடுது. நாளைக்கு அதுமேல படப்போற வெயில்தான் இன்னைக்கு ராத்திரி எரியுது."

"அப்ப நாளைக்கு வெயில்ல வைக்கலைன்னா?"

"இன்னைக்கு எரியாது."

"இன்னைக்கு எரிஞ்சிட்டு. நாளைக்கு நான் வைக்க மாட்டேன்னு சாதிச்சா?"

ஜெனோவா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "சாதிச்சுப் பாருங்க."

சாதித்துப் பார்த்தார். டார்ச் நன்றாக எரிந்த ஒரு இரவில் அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், பட்டுப்புடவைக்கு வெயில் காட்ட வேண்டும் என்று வடிவு, கழற்றி வைத்த வேட்டியிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்து, உள்ளேயிருந்த சாமானையெல்லாம் அள்ளி மொட்டை மாடியில் பரப்பினாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால், கூறைப்புடவைக்குப் பக்கத்தில் டார்ச் மல்லாந்து படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குமேல் அவர் சாதிக்கப் போகவில்லை.

ஜெனோவாவால் அந்தப் பொடியை இன்னொரு தடவை செய்ய முடியவில்லை. கிரைண்டரை என்னென்னவோ வகையில் சுற்றிப் பார்த்தார்கள். வயரை எங்கே மாற்றிக் கொடுத்தோம் என்று குற்றாலலிங்கத்துக்கு ஞாபகமில்லை. மிச்சமிருந்தது ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு.

அந்தச் சிரட்டையிலிருந்து தெருக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு விரலளவு கொடுத்தார். முதலில் வந்தவர்கள் அப்பளம் போடுகிற பெண்கள். மாலையில் பொடி மங்கினால் மறுநாள் மழை, மாவு பிசைய வேண்டாம். ரேடியோ சொல்லும் வானிலையை அந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை என்றாயிற்று. லாரிக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். மெடிக்கல் ஸ்டோர் ராஜாமணி கடைப்பலகையில் ஒரு பொட்டு வைத்தார். எதிர்வீட்டு சைக்கிள் கடை மாசானம் தன் காற்றடிக்கும் பம்பில் பூசிக்கொண்டான். தினமும் காலை ஏழு மணிக்குப் பம்பை வாசலில் வைத்தால்தான் கடை திறந்ததாக அர்த்தம். இரவில் பம்ப் பச்சையாக எரிவதைப் பார்த்து, "நாளைக்கும் நமக்குப் பொழைப்பு உண்டு அண்ணாச்சி" என்று சிரிப்பான்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை பம்ப் எரியவில்லை. வியாழக்கிழமை கடை திறக்கவில்லை. மாசானம் தூக்கத்திலேயே போய்விட்டான். ஐம்பத்திரண்டு வயது.

துக்கம் கேட்கப் போன குற்றாலலிங்கத்திடம் அவன் மனைவி சொன்னாள்: "நான் பாத்துட்டேன் அண்ணாச்சி, பம்பு அணைஞ்சி கெடந்ததை. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். போடி கிறுக்கின்னு சிரிச்சாரு. எல்லாரும் புருசன் போன பிறவு அழுவாங்க. நான் ஒரு ராத்திரி முன்கூட்டியே அழுதேன், அவரு பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருக்கையில."

அந்த வாரத்துக்குள் தெரு முழுக்கப் பொடி திரும்பி வந்துவிட்டது. சிலர் கத்தியால் சுரண்டித் தாளில் மடித்துக் கொண்டுவந்தார்கள். ராஜாமணி பலகையையே கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். "கோவிச்சிக்கிடாதீங்க அண்ணாச்சி. எனக்கு நாளைக்கு என்ன ஆகும்னு நாளைக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

வந்த பொடியையெல்லாம் குற்றாலலிங்கம் ஜெனோவாவிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கல்லூரியில் ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து மூடினாள். டார்ச்சையும் கொடுத்துவிடலாம் என்றுதான் அவருக்கு எண்ணம். வடிவு கேட்கவில்லை.

"கையை ஒருக்கா முறிச்சது போதாதா? நான் வைக்கேன், அது எரியுது. இதுல என்ன பயம்?"

வைப்பதே அவள்தான், அதுதான் பயம் என்று அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. தை மாதம் அவளுக்கு லேசாக நெஞ்சுவலி வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். மாசானம் போனதிலிருந்து ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்தபிறகு, ஏதோ சாக்கில் சமையலறைப் பக்கம் போய், லைட்டை அணைத்து, ஆணியைப் பார்ப்பார். பச்சை வெளிச்சம் தெரிந்தால் லைட்டைப் போட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். தாகமே இல்லாமல் மூன்று மாதமாகத் தண்ணீர் குடித்த மனிதர் அவர்.

அக்கினி நட்சத்திரம் பிறந்து ஆறாம் நாள். வானத்தில் பஞ்சுத்துண்டு அளவுகூட மேகம் இல்லை. இரவு எட்டு மணி இருக்கும். அவர் லைட்டை அணைத்தார். ஆணி இருந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கையால் தடவினார். டார்ச் அங்கேதான் தொங்கியது, குளிர்ந்துபோய்.

லைட்டைப் போட்டார். மறுபடி அணைத்தார். மறுபடி போட்டார்.

"அங்கன என்ன செய்தீய?" என்று வடிவு உள்ளேயிருந்து கேட்டாள்.

"தண்ணி."

அன்று அவர் உண்மையிலேயே மூன்று டம்ளர் குடித்தார். நாளைக்கு ஊருக்குப் போகிற திட்டம் உண்டா? இல்லை. கல்யாணம், காதுகுத்து? இல்லை. மழையா? சிரிப்புத்தான் வரும். அப்படியானால் நாளைக்குப் பத்து மணிக்கு வடிவு டார்ச்சை மொட்டை மாடிக்கு எடுத்துப் போகமாட்டாள். ஏன் போகமாட்டாள்?

அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே விடியவைத்தார். அவளும் அன்று ஏனோ புரண்டுகொண்டே இருந்தாள்.

விடிந்ததும் இரண்டு முடிவு எடுத்தார். ஒன்று, அவளை மாடிப்படி ஏறவிடக் கூடாது. படியில் ஏறி நெஞ்சை அடைத்துவிட்டால்? மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொல்லைக் கிணற்றுக்குள் போட்டார். இடுப்பில் செருகினால் என்ன ஆகும் என்பது அவருக்கு அனுபவம். இரண்டாவது, டார்ச்சைத் தானே எடுத்து வாசல் வெயிலில் வைத்துவிடுவது. வெயில் பட்டுவிட்டால் டார்ச் சொன்னது பொய்யாகிவிடும் அல்லவா? பீரோ விஷயத்தில் தோற்றது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் தோற்கும் என்று தெரிந்தும் செய்கிற காரியம் சிலது உண்டு.

போய்ப் பார்த்தால் ஆணியில் டார்ச் இல்லை.

முற்றத்தில் தேடினார். பரணில் தேடினார். பூஜை அலமாரியில் முருகனுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். டார்ச் எங்கே என்று அவளிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் ஏன் என்பாள், முகத்தைப் பார்ப்பாள், கண்டுபிடித்துவிடுவாள். மாசானம் மனைவி அழுத அழுகையை வடிவு தனக்காகத் தானே அழ வேண்டுமா?

"என்னத்தத் தேடுதீய?"

"சீப்பு."

வடிவு அவர் தலையைப் பார்த்தாள். அங்கே சீப்புக்கு வேலை முடிந்து பத்து வருடம் ஆகிறது. வேறு எந்த நாளாயிருந்தாலும் அதை வைத்து ஒரு வாரம் கேலி செய்திருப்பாள். இன்று தன் சீப்பையே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவரும் தன் பங்குக்குக் காப்பி போட்டு எடுத்துவந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் காப்பி. வடிவு அதை வாங்கிக் கண் கலங்கியபடியே குடித்தாள். அவரும் ஒரு வாய் குடித்துப் பார்த்தபோது, கண் கலங்குவதற்குக் காப்பியே போதும் என்று தெரிந்தது. ஆனாலும் அவள், "நல்லா இருக்கு" என்றாள். நல்லா இருக்கு என்றாளே! அவர் கொல்லைப்பக்கம் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பத்து மணி ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. மாடிச் சாவி எங்கே என்று கேட்கவில்லை. வற்றல் பாய் மூலையிலேயே சுருண்டு கிடந்தது.

மத்தியானம் இலையில் நெத்திலிக் கருவாடு விழுந்தது. அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கருவாட்டின் வாசனைகூடத் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது அவள் சட்டம். இன்று அவளே வறுத்து, "இன்னும் ரெண்டு வச்சிக்கிடுங்க" என்றாள்.

"போதும் பிள்ள."

"உங்களை நான் ரொம்ப ஏசியிருக்கேன்."

"நீ ஏசாம யாரு ஏசுவா?"

"கருவாட்டுக்கெல்லாம் ஏசியிருக்காண்டாம்."

போகிறவர்கள் இப்படித்தான் எல்லாவற்றையும் நேர் செய்துவிட்டுப் போவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டார். அவள் பளிச்சென்று நிமிர்ந்து, "ஏன், உங்களுக்கு என்ன செய்யுது?" என்றாள். எனக்கு ஒன்றுமில்லை, உனக்கு என்றார். எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கு என்றாள். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மூன்று மணிக்கு மஸ்கட்டிலிருந்து மகள் போன் செய்தாள். வேலை நாளில் அவள் செய்வதே இல்லை. "சும்மாதான்ப்பா. அம்மாதான் உங்ககூட ரெண்டு வார்த்தை பேசச் சொன்னா" என்றாள். மகளையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாளா!

அதன்பிறகு அவர் வடிவின் பக்கத்தை விட்டு அசையவில்லை. அவள் கூடத்துத் தூணில் சாய்ந்தால் அவரும் சாய்ந்தார். அவளும் அவரை விடவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அவர் பாத்ரூம் போனால் வெளியே நின்று இருமிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து பதில் இருமல் வந்தால்தான் அவள் இருமல் நிற்கும்.

நான்கு மணி. ஐந்து. வெயில் வாசற்படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போய், எதிர்ச்சுவரில் ஏறி, மாசானம் கடைத் தகரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயே போய்விட்டது. ஆறே முக்கால். வடிவு உயிரோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிக்கு உலை வைக்கணும்" என்று எழுந்தாள்.

"நீ இரு. அடுப்பை மட்டும் பத்தவை. அரிசி நான் எடுக்கேன்."

"வேண்டாம்!" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அதற்குள் அவர் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்திருந்தார்.

டிரம்முக்குள் பச்சையாகப் புலர்ந்துகொண்டிருந்தது. பொன்னி அரிசி ஒவ்வொன்றும் மின்மினி முட்டை போலத் தெரிந்தது. கையை விட்டு இழுத்தார். டார்ச்.

அரிசியை உதறி டார்ச்சை அவள் முன்னால் நீட்டினார்.

"இதை எதுக்கு இதுக்குள்ள வச்ச?"

"நேத்து ஏழரைக்கே பாத்துட்டேன், எரியலை" என்றாள் வடிவு. குரல் உடைந்தது. "நீங்க பாத்துரக் கூடாதேன்னு விடியக்காலம் நீங்க கொல்லைப்பக்கம் போன நேரத்துல எடுத்து ஒளிச்சேன்."

"ஒளிச்சா எப்படி வெயில் படும்?"

"உங்களுக்கு ஒண்ணு ஆயிரும்னு இருக்கையில நான் வெயிலையா நினைப்பேன்? நீங்க போயிட்டா நான் எங்க மாடிக்குப் போயி அதைக் காயவைக்கப்போறேன், அதான் எரியலைன்னு நினைச்சேன். நீங்க காப்பி வேற போட்டியளா, முடிஞ்சிதுன்னே நினைச்சிட்டேன்."

"நான் நீன்னுல்லா நினைச்சேன்! மாடிச் சாவியக் கிணத்துல போட்டுட்டேன்."

"கிணத்துலயா?"

"பின்ன?"

வடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அருகில் போனார். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள். எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று சொல்வதற்கில்லை. ஒளித்தது அவள், பூட்டியது அவர். டார்ச் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை நிஜமாக்க ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டிருக்கிறார்கள்.

"சரி, விடு. இப்ப எரியுது பாத்தியா" என்று அவர் லைட்டை அணைத்துக் காட்டினார். டார்ச் அவர் கையில் நிறைந்து எரிந்தது. "நாளைக்கு ஒரு குறையும் இல்ல."

வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை வெளிச்சத்தில் அவள் முகம் யோசிப்பது தெரிந்தது.

"நாளைக்கு யாரோ இதை வெயில்ல வைப்பாங்கன்னு சொல்லுது" என்றாள் மெல்ல. "யாருன்னு சொல்லலையே."

அவருக்கு அது அதுவரைக்கும் தோன்றவேயில்லை. தாகமில்லாமல் மூன்று மாதம் குடித்த தண்ணீரெல்லாம் வீண். ஒரு ஜோடிக் கை மிச்சமிருந்தால் போதும், இது எரியும்.

லைட்டைப் போட்டார். தேங்காய் கீறுகிற கத்தியை எடுத்தார். தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து டார்ச்சைச் சுரண்ட ஆரம்பித்தார். வடிவு உலையை ஏற்றி அரிசியைப் போட்டுவிட்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அசையாமல் பிடித்தால் சுரண்டச் சுலபம்.

"குப்பையிலயா போட?" என்றாள் எல்லாம் முடிந்தபின்.

"கோழி தின்னுட்டா, அது நாளைக்கு இடப்போற முட்டையை இன்னைக்கே இடும். வேண்டாம்."

பொடியைக் கஞ்சித்தண்ணீரில் குழைத்தார்கள். வாசலில் ஒரு கரண்ட் கம்பம் உண்டு. அதன் விளக்கு எரிந்ததைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இப்போது இல்லை. வடிவு ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறி, கை எட்டுகிற உயரத்தில், நாள் முழுக்க வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்துப் பூசினார். இனி யாரும் எடுத்துவைக்க வேண்டாம், யாரும் எடுத்து உள்ளே வைக்கவும் வேண்டாம்.

பூசி முடிப்பதற்குள் கம்பம் எரியத் தொடங்கிவிட்டது. அரிசிக்குள்ளே எரிந்ததும் இந்த வெயில்தான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. டார்ச் அவர்களைப் பற்றிச் சொல்லவே இல்லை. நாளைக்கு இந்தத் தெருவில் வெயில் அடிக்கும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறது.

மாசானம் மனைவி எதிர்வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். கதவைச் சாத்தாமல் அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

குற்றாலலிங்கம் ஸ்டூலிலிருந்து இறங்க, வடிவு கை கொடுத்தாள். இறங்கியபிறகும் அவர் அந்தக் கையை விடவில்லை.

"இது எத்தனை வருசத்துக்கு எரியும்?" என்றாள்.

"ஜெனோவாகிட்டக் கேட்டாத் தெரியும்."

"கேக்காண்டாம்" என்றாள் வடிவு.

உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள்.